அலெக் கின்னஸ்: ஒப்பனையின் திறமையா, நடிகரின் திறமையா?

கேள்வி: கதிரொளி

அனைவருக்கும் வணக்கம். கடந்த மூன்று மாதங்களாக ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் நடித்த படங்களைக் கைக்குக் கிடைத்த வரிசையில் பார்த்து வருகிறேன். என் வயதுக்காரர்கள் பலரையும் போல நானும் அவரை முதலில் பார்த்தது 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில்தான். அதில் ஓபி-வான் கெனோபியாக வரும் வெண்தாடிப் பெரியவர்தான், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் ஜப்பானியரின் சிறைமுகாமில் வளைந்து கொடுக்காமல் நின்ற கர்னல் நிக்கல்சன் என்று தெரிந்தபோது, படத்தை நிறுத்திவிட்டு நடிகர் பட்டியலை மறுபடியும் பார்த்தேன். பிறகு 1948-இல் வந்த ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தில் கிழவன் ஃபேகின். 1949-இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேர், அவர்களில் ஒருவர் பெண்மணி. எல்லாம் ஒரே ஆள்.

வியப்பு அடங்கிய பிறகு ஓர் ஐயம் எழுந்தது. ‘நவராத்திரி’யில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் வந்தபோது ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு தனிக் கதை இருந்தது, குரலும் நடையும் மாறிக் காட்டுவதற்கு இடம் இருந்தது. கின்னஸின் எட்டுப் பேரில் சிலர் திரையில் ஓரிரு காட்சிகளுக்கு மேல் தங்குவதில்லை. மீசையையும் தொப்பியையும் பொய்முடியையும் மாற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் எட்டுப் பேராகத் தோன்றலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. ஃபேகினிலும் பெரும்பங்கு வேலையை அந்த ஒட்டுமூக்குதான் செய்கிறதோ என்று நினைக்கிறேன். ஆகவே, அவருடைய பன்முகத் திறமை என்று சொல்லப்படுவதில் ஒப்பனைக் கலைஞரின் பங்கு எவ்வளவு, நடிகரின் பங்கு எவ்வளவு என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவது, அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் லாரன்ஸ் ஒலிவியர், ஜான் கீல்குட், ரால்ஃப் ரிச்சர்ட்சன் ஆகியோரோடு சேர்த்தே அவரையும் மேடைக் கலைஞராக எண்ணுகிறார்கள். மற்ற மூவரும் மேடையில் என்ன செய்தார்கள் என்பது பரவலாகத் தெரிந்திருக்கிறது. கின்னஸ் என்ன செய்தார் என்று யாரும் விரிவாகச் சொல்வதில்லை. மூன்றாவது, அவருடைய ஆகச் சிறந்த வேலை பிபிசி 1979-இல் ஒளிபரப்பிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ தொடர்தான் என்று பலர் சொல்லக் கேட்டு, அதன் முதல் பகுதியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதில் அவர் எதுவுமே செய்யவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. நான் எதைத் தவறவிட்டேன் என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: படச்சுருள்

வணக்கம், கதிரொளி. உங்கள் ஐயம் நியாயமானது. அதற்கான விடையும் நீங்கள் பெயர் குறித்த அதே படங்களுக்குள்ளேயே இருக்கிறது.

‘கைண்ட் ஹார்ட்ஸ்’ படத்துக்காக முதலில் அவரிடம் நான்கு வேடங்களைத்தான் கொடுக்க முன்வந்தார்கள். கதையைப் படித்த அவர், நான்கு ஏன், எட்டையும் நானே செய்கிறேனே என்று கேட்டு வாங்கிக்கொண்டார். படத்தில் தேவாலயத்துக்குள் அந்தக் குடும்பத்தினர் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் தெரியும் காட்சி ஒன்று உண்டு. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாதபடி தரையோடு பொருத்தி, லென்சுக்கு முன்னால் வைத்த கண்ணாடியில் ஒருவருக்குரிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற இடங்களைக் கறுப்பால் மறைத்து, ஒருவரைப் படமாக்கியதும் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த வேடம் தயாராகி வரும்வரை காத்திருந்து, மறுபடியும் அதே சுருளிலேயே எடுத்தார். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒப்பனை மாற்றப் பல மணி நேரம் ஆனதால் அந்த ஒரு காட்சிக்கு இரண்டு நாள் பிடித்தது. இடையில் யாராவது கேமராவைத் தட்டிவிட்டால் எல்லாம் வீண் என்பதால் ஸ்லோகோம்ப் இரவில் கேமராவுக்குக் காவலாக அங்கேயே படுத்துக்கொண்டார். ஆகவே ஒப்பனைக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரிய பெருமையை நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் படத்தை ஒரு முறை ஒலியை மட்டும் வைத்தும், இன்னொரு முறை ஒலியை முழுவதும் அடக்கிவிட்டும் பாருங்கள். தம் தேவாலயத்தின் கட்டட அழகை விருந்தாளிக்குச் சுற்றிக்காட்டும் மூத்த பாதிரியாரின் குரலில் தாம் சொல்வது கேட்பவருக்குச் சலிப்பூட்டும் என்ற எண்ணமே கிடையாது. அதுதான் அவரை வேடிக்கையாகவும் சற்றுப் பரிதாபமாகவும் ஆக்குகிறது. தம் போர்க்கதையையே ஆயிரமாவது முறையாகச் சொல்லும் தளபதியும் சலிப்பூட்டுபவர்தான். ஆனால் அவர் கேட்பவரை நகரவிடாமல் பிடித்துவைக்கிறவர். தம் பிழையால் மூழ்கும் கப்பலின் மேல்தளத்தில் சல்யூட் அடித்தபடி நிற்கும் கடற்படைத் தலைவரோ பேசவே வேண்டியதில்லை. தண்ணீர் தொப்பியைத் தொடும்வரை அந்தத் தோளின் நேர்க்கோடு குலைவதில்லை. இந்த மூவரையும் மீசை பிரிக்கவில்லை. தம்மைப் பற்றித் தாமே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பிரிக்கிறது. கொஞ்ச நேரமே வருவதால் நடிப்பு குறைவு என்று நீங்கள் கொள்வதை நான் திருப்பிச் சொல்வேன்: கொஞ்ச நேரமே கிடைத்ததால்தான் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போதே முழுமையாக வந்தாக வேண்டியிருந்தது.

ஃபேகின் செய்தி இன்னும் தெளிவானது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1946-இல், டேவிட் லீன் இயக்கிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தில் கின்னஸ் துறுதுறுப்பான இளைஞர் ஹெர்பர்ட் பாக்கெட்டாக வந்திருந்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஃபேகின் வேடத்தைக் கேட்டபோது லீன் மறுத்துவிட்டார். ஒரு சோதனைப் படப்பிடிப்பு மட்டும் செய்து பாருங்கள் என்று வேண்டிக்கொண்ட கின்னஸ், முழு வேடத்தோடு அங்கே வந்து நின்றார். அதன்பின் லீன் பேச்சை மாற்றிக்கொண்டார். அப்போது கின்னஸுக்கு வயது 33. ஒட்டுமூக்கைச் செய்தது ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃபிரீபார்ன்தான். ஆனால் சிறுவர்களுக்குப் பையடிக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சியில், கனவான் வேடம் போட்டு அறைக்குள் உலாவும் அந்தக் கிழவனின் துள்ளலை எந்த மூக்கும் தந்துவிட முடியாது.

கின்னஸைப் பொறுத்தவரை பாத்திரம் நடையிலிருந்து தொடங்கியது. அந்த மனிதர் எப்படி நடப்பார் என்பது பிடிபட்ட பிறகே மற்றவை தாமாக வந்து சேரும் என்பது அவருடைய வழி. இதற்கு ‘குவாய்’ படத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. அதில் அவர் முகத்தில் ஒட்டியது எதுவுமே கிடையாது. நிக்கல்சனைத் தகரப் பெட்டிக்குள் நாள் கணக்கில் வெயிலில் அடைத்துவைத்துவிட்டு, முகாம் தலைவர் சைட்டோவைப் பார்ப்பதற்காக வெளியே விடுகிறார்கள். பெட்டியிலிருந்து சைட்டோவின் குடிசை வரையிலான அந்தச் சில அடிகளை அவர் நடப்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். கால்கள் உடலுக்குச் சொந்தமில்லாதவை போலத் துவள்கின்றன. இடுப்புக்கு மேலே அணிவகுப்பு மரியாதை நடக்கிறது. இளம்பிள்ளைவாதத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பின்னர் தேறி மெல்ல நடக்கப் பழகிய தம் மகனின் நடையைத்தான் அந்தக் காட்சிக்கு எடுத்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிந்ததில்லை. அந்தப் படம் பெற்ற ஏழு ஆஸ்கர் விருதுகளில் சிறந்த நடிகருக்கான விருது அவருடையது.

நிக்கல்சனுக்கு நேர்மாறான ஒருவரைப் பார்க்க விரும்பினால், ரொனால்ட் நீம் இயக்கி 1960-இல் வெளிவந்த ‘டியூன்ஸ் ஆஃப் குளோரி’ படத்தைத் தேடிப் பிடியுங்கள். அதிலும் அவர் படை அதிகாரிதான். ஆனால் ஜாக் சின்க்ளேர் சாதாரணப் படைவீரனாகத் தொடங்கி மேலே வந்தவர், செம்முடிக்காரர், குடிகாரர், சத்தமாகச் சிரிப்பவர், பிறரை எளிதில் காயப்படுத்துபவர். தம் இடத்துக்கு மேலே வந்து அமரும் ஒழுங்குமிக்க அதிகாரியாக ஜான் மில்ஸ் நடித்திருக்கிறார். படத்தின் முடிவில், ஒரு சவ ஊர்வலத்தில் எந்தெந்த இசையை எந்த இடத்தில் வாசிக்க வேண்டும் என்று சின்க்ளேர் சக அதிகாரிகளுக்கு விவரிக்கத் தொடங்கி, விவரிப்பின் நடுவிலேயே உடைந்துபோகும் காட்சிக்காக மட்டுமே அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதில்: முன்வரிசை

மேடையைப் பற்றிக் கேட்டிருப்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். நாடகப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில், எங்கள் வகுப்புகளில் அவருடைய பெயர் வெற்றிகளுக்காக மட்டுமல்லாமல் தோல்விகளுக்காகவும் பேசப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் 1914-இல் லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றில் தந்தை பெயருக்குரிய இடம் வெற்றாக இருந்தது. பதினான்கு வயதுக்குள் மூன்று வெவ்வேறு பெயர்களோடு வாழ்ந்ததாக அவரே தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். பள்ளிப்படிப்புக்குப் பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தவர், நடிப்புக்காக அந்த வேலையை விட்டார். கையில் காசு இல்லாமல் வாய்ப்புத் தேடித் திரிந்த நாள்களில் கீல்குட் அவருக்கு 20 பவுண்டு கொடுக்க முன்வந்தார். பசியோடு இருந்தும் அவர் அதை வாங்க மறுத்துவிட்டார். பணத்துக்குப் பதிலாக வேலை கிடைத்தது: 1934-இல் கீல்குட் தாமே நடித்து இயக்கிய ‘ஹாம்லெட்’ நாடகத்தில் அரண்மனைப் பகட்டன் ஆஸ்ரிக். மிகச் சிறிய வேடம். நான்கே ஆண்டுகளில், 1938-இல், ஓல்டு விக் அரங்கில் டைரன் கத்ரி இக்கால உடையில் அரங்கேற்றிய ‘ஹாம்லெட்’டில் அவரே ஹாம்லெட்டாக நின்றார்.

திரைப்படத்துக்கு அவர் வந்ததும் மேடை வழியாகத்தான். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை 1939-இல் அவரே நாடகமாக்கி, ஹெர்பர்ட் பாக்கெட்டாகவும் நடித்தார். அந்த நாடகத்தைப் பார்த்த டேவிட் லீன், போர் முடிந்து தாம் அதே கதையைப் படமாக்கியபோது அதே வேடத்துக்கு அவரையே அழைத்தார். நாடகத்தில் மிஸ் ஹாவிஷாமாக நடித்த மார்ட்டிட்டா ஹன்ட்டும் படத்தில் அதே வேடத்தில் வந்தார். கின்னஸ் இளைஞராக இருந்தபோது அவருக்கு நடிப்புப் பாடம் சொல்லித்தந்தவரும் இவரே. இடையில் போர்க்காலத்தைக் கின்னஸ் கடற்படையில் கழித்தார்; 1943-இல் சிசிலியில் நடந்த தரையிறக்கத்தில் ஒரு தரையிறங்கு படகு அவர் பொறுப்பில் இருந்தது.

போருக்குப் பிந்திய மேடை வாழ்க்கையில் எல்லாரும் முதலில் சொல்வது 1946-இல் ஒலிவியர் ‘கிங் லியர்’ நடித்தபோது இவர் ஏற்ற கோமாளி வேடத்தை. தலைமை வேடத்தில் இருந்தவர் அரங்கம் முழுவதையும் குரலால் நிரப்பிக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் சன்னமாக நின்றே கவனத்தை ஈர்த்தார். இந்த இடத்தில்தான் அவருடைய சிக்கலும் தெரியத் தொடங்குகிறது என்பது என் கருத்து. பக்கத்தில் இன்னொருவர் எரியும்போது இவருடைய அமைதி ஒளிவிடும். நடுமேடையில் தனியாகப் பெருந்தீயை மூட்ட வேண்டிய இடங்களில் அந்த அமைதி எப்போதும் போதவில்லை.

1951-இல் நியூ தியேட்டரில் அவர் தாமே ‘ஹாம்லெட்’டை இயக்கி நடித்தார், ஃபிராங்க் ஹவுசர் உடன் இயக்கினார். முதல் நாள் இரவு விளக்குகளை இயக்கும் கருவி பிழை செய்து, இருள வேண்டிய இடத்தில் ஒளியும் ஒளிர வேண்டிய இடத்தில் இருளும் வந்தன. விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. ‘ஹாம்லெட்’டுக்குள் நடக்கும் நாடகத்தில் அரசனாக நடித்த கென்னத் டைனன் என்ற இளைஞரும் ஒரு பத்திரிகையில் தாக்கப்பட்டார். அவர் அதே பத்திரிகைக்கு எழுதிய பதில் கடிதத்தின் வழியாகவே அங்கே விமர்சகரானார், பிற்காலத்தில் இங்கிலாந்தின் முதன்மையான நாடக விமர்சகர் என்ற இடத்தையும் பெற்றார். 1953-இல் கின்னஸைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியவரும் இவரே. கின்னஸுக்கோ அந்தக் காயம் வெகுகாலம் ஆறவில்லை. 1966-இல் ராயல் கோர்ட் அரங்கில் பிரெஞ்சு நடிகை சிமோன் சின்யோரேவுடன் அவர் நடித்த ‘மாக்பெத்’தும் வரவேற்புப் பெறவில்லை.

ஆயினும் இந்த இரண்டு தோல்விகளுக்கு இடையில் நடந்தவற்றைப் பாருங்கள். ‘ஹாம்லெட்’ சரிந்து இரண்டே ஆண்டுகளில், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிற்றூரில், இன்னும் கட்டடமே எழும்பாத ஒரு நாடக விழாவுக்கு வரும்படி டைரன் கத்ரி அழைத்தார். உலகப் புகழோடு இருந்த கின்னஸ் ஒப்புக்கொண்டார். 1953 ஜூலை 13 அன்று ஒரு பெரிய கூடாரத்துக்குள், மூன்று பக்கமும் மக்கள் சூழ்ந்த மேடையில், ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தின் முதல் வரியைப் பேசி அந்த விழாவைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். அந்த விழா இன்றும் நடக்கிறது. முதல் ஆண்டில் அப்படி ஒரு பெயர் முன்னால் நின்றிராவிட்டால் அது வேரூன்றியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

புது எழுத்தாளர்களின் நாடகங்களில்தான் அவர் மேடையில் மிகவும் சிறந்தார் என்பது என் துணிபு. டி. எஸ். எலியட்டின் ‘தி காக்டெய்ல் பார்ட்டி’ 1949-இல் எடின்பரோ விழாவில் முதன்முதலாக அரங்கேறியபோது மனநல மருத்துவர் வேடம் அவருடையது. 1960-இல் டெரன்ஸ் ராட்டிகனின் ‘ராஸ்’ நாடகத்தில் டி. இ. லாரன்ஸாக நடித்தார், இரண்டே ஆண்டுகளில் அதே லாரன்ஸைப் பற்றி லீன் எடுத்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் லாரன்ஸை எடைபோட்டுப் பார்க்கும் இளவரசர் ஃபைசலாக வந்தார். அந்த ஃபைசலின் கண்களில் லாரன்ஸைப் பற்றி எல்லாம் முன்பே தெரிந்த ஒரு களைப்பு இருக்கும். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். 1964-இல் நியூயார்க்கில், குடியால் அழிந்த கவிஞர் டிலன் தாமஸாக நடித்து டோனி விருது பெற்றார். 1970-களில் ஆலன் பெனட்டின் நாடகங்களில் நடித்தார். 1988-இல் லண்டனில் மேடையேறிய ‘எ வாக் இன் தி வுட்ஸ்’ அவருடைய கடைசி நாடகம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முழுப் பதிவு கிடையாது என்பதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில். ஒலிவியர் தம் ஷேக்ஸ்பியர் வேடங்களைத் தாமே படங்களாக்கிவைத்தார். கின்னஸ் அப்படி எதையும் செய்யவில்லை. கார்டினல் வேடத்தில் அவர் மேடையில் நடித்த ‘தி பிரிசனர்’ மட்டும் 1955-இல் படமாகியிருக்கிறது. மேடையில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்க அதைப் பார்க்கலாம்.

பதில்: ஒரு வாசகி

மேலே எழுதிய இருவரும் அவர்பால் கொண்ட அன்பை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனாலும் அவருடைய பன்முகத் திறமையைப் பேசும்போது ஒரு செய்தியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யாராக வேண்டுமானாலும் மாறலாம் என்ற உரிமையை அந்தக் காலத்து ஆங்கில நடிகர்கள் தங்களுக்குத் தாங்களே வழங்கிக்கொண்டார்கள். கின்னஸ் யூதர் ஃபேகினாகவும், அரபு இளவரசராகவும், 1961-இல் வந்த ‘எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்’ படத்தில் ஜப்பானியத் தொழிலதிபராகவும், 1984-இல் வந்த ‘எ பேசேஜ் டு இந்தியா’வில் பேராசிரியர் கோட்போலே என்ற இந்தியப் பிராமணராகவும் நடித்தார். ஃபேகினின் மூக்கு, ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் முதல் பதிப்புக்கு ஜார்ஜ் குருக்‌ஷாங்க் வரைந்த ஓவியங்களைப் பின்பற்றிச் செய்யப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகளே கழிந்திருந்த காலத்தில் அந்த உருவம் திரைக்கு வந்தது. 1949-இல் பெர்லினில் படத்தைத் திரையிட்டபோது யூதர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அமெரிக்காவில் 1951 வரை வெளியிடப்படவில்லை, வெளிவந்தபோதும் ஃபேகின் காட்சிகள் சில வெட்டப்பட்டிருந்தன. நடிப்பு உயர்ந்ததாக இருந்ததால்தான் அந்த உருவம் இவ்வளவு வலித்தது என்று நான் நினைக்கிறேன். மோசமான நடிப்பாக இருந்திருந்தால் மறக்கப்பட்டிருக்கும்.

கோட்போலேயில் அந்த உயர்வும் இல்லை. அந்தப் படத்தில் விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத் ஆகியோர் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதும் உட்காருவதும் இயல்பாக இருக்க, நடுவில் கோட்போலே மட்டும் வெளியிலிருந்து உற்றுப் பார்த்து எழுதிய குறிப்பைப் போல வந்து போகிறார். அவர் ஆடிய ஒரு நடனக் காட்சியைப் படத்தொகுப்பில் லீன் நீக்கிவிட்டார். அந்தப் படத்தோடு இருவருக்குமான நீண்ட கூட்டு முடிந்தது. 1946 முதல் 1984 வரை லீனின் ஆறு படங்களில் நடித்தவர் அவர்.

ஒலியை அடக்கிப் பார்க்கச் சொன்ன படச்சுருளின் சோதனையையே இதற்கும் வைத்துப் பாருங்கள். நிக்கல்சன் தம்மை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது கின்னஸுக்குத் தெரிந்திருந்தது. கோட்போலே தம்மை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை.

பதில்: படச்சுருள்

வாசகி அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஃபைசலை மட்டும் சற்று வேறாகப் பார்க்கிறேன். அந்த வேடத்துக்கான உச்சரிப்பை அவர் எகிப்திய நடிகர் ஓமர் ஷெரீஃபோடு பேசிப் பேசி அமைத்துக்கொண்டார். அதில் ஓர் அரசியல்வாதியின் மூளை வேலை செய்வது தெரிகிறது. அதற்காக, அந்த வேடம் ஓர் அரபு நடிகருக்குப் போயிருக்கக் கூடாதா என்ற கேள்வி இல்லாமல் போய்விடாது.

கதிரொளி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘குவாய்’ படத்தின் அந்த நடையை நேற்றிரவு நான்கு முறை பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் நான் சைட்டோவின் முகத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன், இவருடைய கால்களைக் கவனிக்கவே இல்லை. ‘தி பிரிசனர்’, ‘டியூன்ஸ் ஆஃப் குளோரி’ இரண்டையும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. ‘டிங்கர் டெய்லர்’ தொடரில் அவர் ஏற்ற ஸ்மைலி ஏன் எதுவும் செய்வதில்லை? இன்னொன்றும் கேட்க வேண்டும்: ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை அவர் வெறுத்தார் என்று எங்கும் எழுதுகிறார்களே, அது சரியா?

பதில்: முன்வரிசை

இரண்டாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் படமே தம் அடையாளமாகிவிட்டது அவரை வருத்தியது. அதே சமயம், வருமானத்தில் இரண்டே கால் விழுக்காட்டுப் பங்கு அவருக்கு முதுமையில் பணக்கவலை இல்லாமல் செய்தது. நூறு முறைக்கு மேல் படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்ன ஒரு சிறுவனிடம், இனி அதைப் பார்க்காதே என்று தாம் கேட்டுக்கொண்டதை அவர் பிற்கால நூல் ஒன்றில் எழுதியிருக்கிறார். ஆனால் வேலையில் அவர் குறை வைக்கவில்லை. கற்பனை விண்மண்டலம் ஒன்றில் நடக்கும் கதையைப் பார்வையாளர் நம்பியதற்கு அந்தக் குரலின் நிதானம் பெரிய காரணம். அந்த வேடத்துக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

ஸ்மைலி ஏன் எதுவும் செய்வதில்லை என்ற கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் கேட்டிருக்கிறேன். ஸ்மைலி ஓய்வுக்குத் தள்ளப்பட்ட உளவுத்துறை அதிகாரி. தம் பழைய அலுவலகத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் நால்வரில் துரோகி யார் என்று கண்டுபிடிக்க வேண்டியவர். அவருடைய ஆயுதம் கேட்பது ஒன்றுதான். வேடத்தை ஏற்பதற்கு முன்பு, நாவலில் வருவது போலத் தாம் குட்டையாகவும் பருமனாகவும் இல்லையே என்று கின்னஸ் தயங்கினார். பிறகு நாவலாசிரியர் ஜான் லெ காரே அவரை உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்டுஃபீல்டுடன் மதிய உணவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் அதிகம் பேசாமல் ஓல்டுஃபீல்டின் சட்டைக் கைப்பொத்தான்களையும், குடையோடு அவர் நடந்த விதத்தையும், கோப்பையின் விளிம்பை விரலால் தடவியதையும் கவனித்துக்கொண்டிருந்தார் என்று லெ காரே எழுதியிருக்கிறார். நடையைத் தேடும் பழக்கம் அறுபதைத் தாண்டிய வயதிலும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் பகுதியை மறுபடியும் போடுங்கள். பழைய அறிமுகம் ஒருவர் அவரை வழிமறித்து இரவு உணவுக்கு இழுத்துக்கொண்டு போய், அலுவலக வம்பையும் அவருடைய மனைவியைப் பற்றிய வம்பையும் வாய் ஓயாமல் பேசுவார். முதல் முறை பார்க்கும்போது நம் கண் பேசுகிறவர்மேல்தான் போகும். இந்த முறை கேட்கிறவரைப் பாருங்கள். மனைவியின் பெயர் விழும் ஒவ்வொரு முறையும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொள்கிறது; மரியாதை மட்டும் அப்படியே வெளியில் நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கண் சிமிட்டுவதை அவர் ஒத்திப்போடுவதுகூட ஒரு பதில்தான். இளமையில் எட்டு முகங்களைப் போட்டுக் காட்டியவர் முதுமையில் ஒரே முகத்துக்குள் அத்தனை பேரையும் அடக்கிவைக்கக் கற்றுக்கொண்டார். முன்பு நான் மேடையைப் பற்றிச் சொன்னதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்: நடுமேடையில் போதாமல் போன அந்த அமைதி, கேமரா இரண்டடி தூரத்தில் வந்து உட்கார்ந்தபோது போதுமானதாகிவிட்டது.

பிற்பகுதி ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்பு தாம் டெல்லிச் சிறையில் ஒரு சோவியத் உளவாளியை விசாரித்த கதையை ஸ்மைலி சொல்வார். எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கும் மனிதர் அந்த ஓர் அறையில் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார். எதிரில் இருப்பவர், பேட்ரிக் ஸ்டூவர்ட், ஒரு சொல்லும் பேசுவதில்லை. அன்றைக்குத் தோற்றவர் யார் என்பதைப் பார்த்த பிறகு, முதல் பகுதியின் மௌனம் உங்களுக்கு வேறாகத் தெரியும். அந்தக் காட்சியில் மேசைமீது ஒரு சிகரெட் லைட்டர் இருக்கும். ஸ்மைலிக்கு அவருடைய மனைவி கொடுத்தது. அது யார் கைக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்த ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ தொடரின் கடைசி நிமிடங்களில் அது மறுபடியும் வரும். அப்போது கின்னஸின் கைகளைப் பாருங்கள். அதற்குமேல் இங்கே சொன்னால் உங்களுக்குக் காட்சி கெட்டுவிடும்.